சுகுணாவின் கைக்கடிகாரமும் பத்து மணி வண்டியும்

1

இந்தக் கதை மலைமேல் இருக்கும் சோளக்காட்டுச் சந்தையில் கிடைத்தது. நான் போனது அன்னாசிப்பழம் வாங்க. தார்ப்பாயில் பிளாஸ்டிக் கைக்கடிகாரங்களைப் பரப்பியிருந்தவர் முன்னால் ஒரு பெண் குந்தி, ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள். கடைசியில் ஒன்றும் வாங்காமல் எழுந்து போய்விட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கதையிலாவது அவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவது என்று எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: "காலம் என்பது மனிதனின் மணிக்கட்டில் பூட்டப்பட்ட..."

இதற்கு மேல் போனால் நானே படிக்க மாட்டேன். விட்டுவிட்டேன்.

2

அவளுக்குச் சுகுணா என்று பெயர் வைத்தேன். அதே மலையில் அரியூர் நாட்டுக்காரி, மரவள்ளியும் மிளகும் போடுகிற வீடு. கணவன் பூபதி. (முதலில் பூபதியைக் குடிகாரனாக எழுதினேன். எழுத்தாளர்களுக்கு அது ஒரு வியாதி. இப்போது அவன் நல்லவன்; கொஞ்சம் தொணதொணப்பான், அவ்வளவுதான்.)

சுகுணா அரசு வேலைக்குப் பரீட்சை எழுதுகிறாள். போன தடவை பாதி விடை தெரிந்தும் எழுதவில்லை. சுவர்க் கடிகாரம் முதுகுப் பக்கம் இருந்தது. திரும்பினால் காப்பி அடிப்பதாக நினைத்துவிடுவார்களோ என்று பயந்து உட்கார்ந்திருக்கும்போதே மணி அடித்துவிட்டது. இந்த முறையும் தவறினால், அடுத்த பரீட்சைக்குள் வயது தாண்டிவிடும்.

ஆகவே கடிகாரம். முள் வைத்ததாக இருக்க வேண்டும். பரீட்சைக் கூடத்தில் எலெக்ட்ரானிக் சாமான் எதையும் விட மாட்டார்கள்.

3

கடைக்காரர் அர்த்தனாரி, அடிவாரத்துக்காரர். பூபதி எடுத்த எடுப்பிலேயே கறுப்பில் எண்ணே இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டான்.

"இது எடுப்பா இருக்குது புள்ள."

"எண்ணே இல்லீங்களே. இதுல மணி பார்க்கறதே ஒரு பரீட்சையாட்ட இருக்கும்."

"அப்ப அந்த ரோஸு?"

"பட்டாம்பூச்சி போட்டிருக்குதுங்க. நம்ம புள்ள பன்னெண்டாவது படிக்கிறா, அவளே கட்ட மாட்டா."

அர்த்தனாரி பச்சை வார் போட்ட ஒன்றை நீட்டினார். பன்னிரண்டு எண்ணும் கொட்டை கொட்டையாக இருந்தன.

"மழை தாங்குங்களா?" என்றாள்.

அவர் அதைத் தன் தண்ணீர்ச் சொம்புக்குள் போட்டார். மூன்று பேரும் சொம்பையே பார்த்தார்கள். முள் ஓடியது. அப்புறம் அந்தத் தண்ணீரையே அவர் குடித்தார். [இந்த இடத்தில் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.]

சுகுணாவுக்கு மெலிந்த கை; கடைசி ஓட்டையில் மாட்டியும் கடிகாரம் வளையலைப்போல் சுழன்றது. ஆணியைச் சுட வைத்து வாரில் இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

4

இப்போது மணி வைக்க வேண்டும்.

கதையில் தப்பு நடந்த இடம் இது. அந்த நேரம் பார்த்துச் சந்தையோரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்து நின்றது.

"பத்து மணி வண்டி வந்துருச்சு. பத்துல வெச்சுக்க" என்றான் பூபதி. சுகுணா பத்தில் வைத்தாள்.

அந்த வண்டிக்குப் பத்து மணி வண்டி என்பது பெயர். அது வருவது பத்தரைக்கு. மலையில் என் கதைப் பஸ்கள் எல்லாமே அரை மணி தள்ளித்தான் வரும். வண்டி வந்தால் அதன் பெயரே மணி. யாருக்கும் இதனால் ஒரு நஷ்டமும் வந்ததில்லை.

(செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, சார்ஜ் இல்லாமல். நான்தான் இறக்கினேன். சாயங்காலம் சார்ஜ் ஏறியது. ஆனால் கையில் புதுக் கடிகாரம் கட்டியவள் செல்போனையா பார்ப்பாள்?)

5

பரீட்சை நாள். ஆறு மணி வண்டி சரியாக ஆறுக்கு வந்தது, அவள் கடிகாரப்படி. போனைக் கூடத்தில் விட மாட்டார்கள் என்று பூபதியிடமே கொடுத்துவிட்டு ஏறினாள்.

பக்கத்தில் இருந்தவர்களிடம் அவளை மணி கேட்க வைக்கலாமா என்று பார்த்தேன். நடக்கவில்லை. அவர்கள்தான் அவளிடம் கேட்டார்கள்.

"கண்ணு, மணி என்ன ஆச்சு?"

"ஏழாகப் போகுதுங்க." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியதும் வயிற்றைப் புரட்டியது. காரவள்ளியில் வண்டி நின்றதும் இறங்கி, மணிமேகலை டீக்கடையில் சோடா வாங்கினாள். கடிகாரம் ஏழரை காட்டியது. நாமக்கல்லில் பரீட்சைக் கூடத்தின் கேட்டை ஒன்பதுக்கு மூடுவார்கள்.

"ஏன் கண்ணு, இதுலயே போயிரலாமில்ல?" என்றாள் மணிமேகலை.

"நேரம் கெடக்குதுங்க அக்கா. கொஞ்சம் உக்காந்துட்டு அடுத்த வண்டில வாரேன்."

உண்மையில் மணி எட்டு. இந்த வண்டியில் போனால் கேட் திறந்திருக்கும். அடுத்ததில் போனால் மூடியிருக்கும்.

6

முடிவு ஒன்று: அவள் போவதற்குள் கேட்டை மூடிவிட்டார்கள், வேலை கிடைக்கவில்லை, கடிகாரத்தைக் கழற்றி... (எழுதினேன். சாப்பாடு இறங்கவில்லை. கிழித்தேன்.)

முடிவு இரண்டு: பரீட்சை மதியத்துக்குத் தள்ளிப்போகிறது. (பூபதிகூட நம்ப மாட்டான்.)

முடிவு மூன்றுக்கு வழி இருக்கிறது. டீக்கடைச் சுவரில், சுகுணா உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு நேர் எதிரே ஒரு கடிகாரம் ஓடுகிறது. சரியான நேரம் காட்டுகிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாழைத்தார் தொங்குகிறது. தொங்கவிட்டது நான். கதையில் பதற்றம் வேண்டும் என்று நாலாம் திருத்தத்தில் மாட்டினேன். இப்போது கழற்ற மனம் துடிக்கிறது. மாட்டியவனே கழற்றினால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள்.

டிரைவர் டீ டம்ளரை வைத்துவிட்டு ஏறிவிட்டார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டார். சுகுணா சோடாவை நிதானமாகக் குடிக்கிறாள்; நடுவில் புடவைத் தலைப்பால் கடிகாரக் கண்ணாடியை ஒருமுறை துடைத்துக்கொள்கிறாள்.

நீங்களும் இந்தக் கடையில்தான் நிற்கிறீர்கள், இவ்வளவு நேரமாக ஒன்றும் வாங்காமல். தார் கைக்கு எட்டும் உயரம்தான். கீழ்ச் சீப்பை எடுத்தால் போதும், கடிகாரம் தெரியும்.

பழம் வாங்குங்கள். சீக்கிரம்.