யார் முகம் மேடைப் பக்கம்

1

இந்தக் கதையில் பாதியைத்தான் நான் பார்த்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

மைதானத்தில் பாட்டுக் கச்சேரி. ஜனம் மேடைமேல் ஏறிவிடாமல் முன்னால் இரும்புத் தடுப்பு கட்டும் வேலைக்குப் போயிருந்தேன். கட்டிய பிறகு அது அசையாமல் பார்த்துக்கொள்வதும் எங்கள் வேலைதான். அந்த இடத்தில் நாற்காலி கிடையாது. வந்த ஜனத்துக்கும் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. தடுப்பை ஒட்டி இரண்டு பெண்கள் முதுகோடு முதுகு சாய்ந்து நின்றார்கள். ஒருத்தி மேடையைப் பார்த்தாள். இன்னொருத்தி மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனத்தைப் பார்த்தாள். ஏதோ சண்டை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த பாட்டுக்குப் பார்த்தால், இருவரும் அப்படியே சுழன்று திசை மாறி நின்றார்கள்.

அதற்குள் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். மேடைக்குப் பின்னால் ஒரு கம்பம் சரிகிறதாம். போய்விட்டேன். மிச்சத்தை என் கால்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

2

முதல் வரியாக எழுதிப் பார்த்தது: "இசை என்னும் மாமருந்து அவளது பாத வேதனையை..."

அடித்துவிட்டேன். பாட்டு குதிகால் வலியைத் தீர்க்காது. தீர்க்கும் என்கிறவன் உட்கார்ந்து கேட்டவன்.

[எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே மகள் கல்யாணத்துக்குப் பிறகுதான். அதனால் 'மாமருந்து' மாதிரி வார்த்தைகளைக் கண்டால் எனக்குக் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

இரண்டாவதாக எழுதியது: "அவள் நின்றாள்."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

அவள் நின்றாள். கூட வந்தவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டது என் காதில் விழுந்தது. அதனால் நாமும் அண்ணி என்றே சொல்வோம். கூட வந்தவள் நாத்தனார். இருவருக்கும் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் துண்டு எல்லாம் மலைமலையாக வந்து விழும் இடம். அண்ணி இஸ்திரி இயந்திரத்தில். காலால் கட்டையை மிதித்தால் சுடுபலகை இறங்கி ஆவி சீறும். காலை எடுத்தால் ஏறும். நாத்தனாருக்கு அதற்கு நேர் பின்னால் மேஜை, மடிக்கிற வேலை. இருவருக்கும் கீழே சிமெண்டுத் தரை.

அங்கே 'முதுகு கொடுப்பது' என்று ஒன்று உண்டு. மேற்பார்வையாளர் டீ குடிக்க நகர்ந்ததும் இஸ்திரிக்காரி பின்னால் சாய்வாள், மடிக்கிறவளும் சாய்வாள். இரண்டு முதுகும் நடுவில் முட்டி நிற்கும். கை வேலையை விடாது. ஆனால் நோகிற காலைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். அண்ணிக்கு வலது குதிகால், நாத்தனாருக்கு இடது முழங்கால். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. நின்று நின்று கண்டுபிடித்தது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கதை பிடிபட்டது. சலவைக்கூடத்தில் யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் ஒன்றுதான், இரண்டு பக்கமும் அழுக்குத் துணி. கச்சேரியில் அப்படி இல்லையே!

3

அவள் எதற்காக வந்தாள்?

[இங்கே ஒரு சோகம் வைத்தேன். செத்துப்போன ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளைக்குப் பிடித்த பாட்டு.] வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டாள்.

"ஏங்க, ஒரு பொம்பள பாட்டு கேக்கப் போறதுக்கு ஒரு பிள்ளைய சாகடிக்கணுமா?"

"அப்பத்தானே படிக்கிறவங்களுக்கு மனசு இளகும்."

"டீக்கடை வாசல்ல தலைய ஆட்டிக்கிட்டு நிப்பீங்களே, அப்ப யாரு செத்துப் போனா?"

"அது சும்மா கேக்கறது."

"அவளும் சும்மா கேக்கட்டும். உங்களுக்கு என்ன போச்சு?"

பிள்ளையை உயிரோடு எழுப்பிவிட்டேன். இப்போது அவன் வீட்டில் மல்லாந்து படுத்து டிவி பார்க்கிறான்.

வீட்டுக்காரி சொன்னது சரிதான். நின்று பிழைக்கிறவள் ஒரு சாயங்காலத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டால், ஏன் என்று காரணம் காட்ட வேண்டியிருக்கிறது. இவள் காட்ட மாட்டாள். அவளுக்கு அந்தப் பாடகியைப் பிடிக்கும். அந்தக் குரலை நேரில் ஒரு தடவை கேட்க வேண்டும், பாடும்போது அந்த முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

4

கிளம்பும்போது அவள் கணவன் வாசலை மறித்துக்கொண்டு பேசினான்.

"நாளு பூரா நின்னுட்டு வந்து ராத்திரியெல்லாம் கால புடிச்சுக்கிட்டு அழுவற. இப்ப நிக்கறதுக்குன்னே ஒரு எடத்துக்குப் போறியா?"

"அழுவல. வையறேன். இத்தனை வருஷத்துல ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல உங்களுக்கு."

"பாதியில உக்காந்துட்டு, தூக்கிட்டுப் போங்கன்னு போன் பண்ணக் கூடாது. அப்புறம் இந்த மாதிரி ஆசையெல்லாம் இதோட சரி, சொல்லிட்டேன்."

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "உன் காலு ரெண்டும் நல்லாத்தானேண்ணா இருக்கு, அதை வெச்சுக்கிட்டு நீ எங்க போய்ட்ட? தள்ளு."

5

வெயில் தாழுமுன்பே போய்விட்டதால் தடுப்பை ஒட்டி இடம் கிடைத்தது. அண்ணி குள்ளம். ஒரு வரிசை பின்னால் போனாலும் முதுகுகளைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லா வித்தையும் செய்தாள். தடித்த காலுறை போட்டு வந்திருந்தாள். செருப்புக்கடியில் அட்டையை மடித்துப் போட்டுக்கொண்டாள். தடுப்புக் கம்பியைப் பிடித்துப் பாதி பாரத்தைக் கைக்கு மாற்றினாள். பாதத்தின் ஓரத்தில் நின்றாள், விரல் நுனியில் நின்றாள். வலி கொஞ்ச நேரம் ஏமாந்தது. பிறகு கண்டுபிடித்துவிட்டது. செருப்புக்குள் ஒரு பல் முளைத்துக் கடிப்பது போல இருந்தது.

போதாக்குறைக்கு டிரம்ஸ் தொடங்கியதும் அவளுடைய வலது கால் தானாக மிதிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் எல்லோரும் தாளம் என்று நினைத்திருப்பார்கள். தாளமில்லை. இல்லாத கட்டையை மிதித்து, இல்லாத பலகையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இங்கயும் இஸ்திரி போடறியா?"

"சனியன் புடிச்ச காலு, லீவுன்னு சொன்னா கேக்குதா பாரு!"

சிரித்த சிரிப்பில் உடம்பு ஆட, வலியில் அண்ணி முகம் சுளித்ததை ஆரஞ்சுச் சட்டை போட்ட தொண்டர் ஒருவர் பார்த்துவிட்டார்.

"அம்மா, பின்னாடி முடியாதவங்களுக்கு நாற்காலி போட்டிருக்கோம். வாங்க."

"அங்கேருந்து அவங்க மூஞ்சி தெரியுமா?"

"பெரிய திரையில தெரியும்மா."

"திரையில பாக்கறதுக்கு வீடு இருக்கு தம்பி."

"கால் வலிக்குது போலிருக்கே?"

"வலிக்குது. அதுக்கு?"

(நாற்காலியில் உட்காருவது தோல்வி என்று நான் சொல்லவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒன்று போட்டிருந்தால் கதை இங்கேயே சுகமாக முடிந்திருக்கும். போடவில்லை. நான் எழுத்தில் ஒன்றைத் தூக்கிவந்து போடலாம்தான். தடுப்பு கட்டியவன் என்ற முறையில், அங்கே நாற்காலிக்கு இடமே விடவில்லை என்பது எனக்குத் தெரியும்.)

தொண்டர் போனதும் நாத்தனார் திரும்பினாள். மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, "சாய்" என்றாள்.

"அப்ப நீ எப்படிப் பாப்ப?"

"ஒரு பாட்டு நீ, ஒரு பாட்டு நான். சாய்டி அண்ணி, என் முட்டியும்தான் செத்துப் போச்சு."

சாய்ந்தார்கள். குதிகால் தரையைவிட்டு எழும்பியது. அண்ணிக்கு மேடை தெரிந்தது. நாத்தனாருக்கு வாய் பிளந்த ஆயிரம் முகங்கள். "அண்ணி, நம்ம ரெண்டு பேரையும் லூசுன்னு நெனச்சுக்கிட்டு ஒருத்தன் படம் புடிக்கிறான்." "புடிக்கட்டும், சிரி." பாட்டு முடிந்தது. சுழன்றார்கள். அடுத்தது. மறுபடி சுழன்றார்கள். நான் பார்த்தது இதைத்தான்.

6

நான் பார்க்காதது இது.

ஒரு பாட்டு இருக்கிறது. சலவைக்கூடத்தில் இருவரும் பாடுவது. ஆவிச் சத்தத்தில் ஒருத்தி பாடுவது மற்றவளுக்குக் கேட்காது. முதுகு வழியாக அதிர்வது மட்டும் தெரியும். அந்தப் பாட்டின் புல்லாங்குழல் மேடையில் தொடங்குகிறது. அப்போது மேடையைப் பார்த்து நிற்பவள் நாத்தனார். அண்ணியின் முகம் ஜனத்தின் பக்கம்.

"அண்ணி, சுத்து. சீக்கிரம்."

"உன் முறை. நீ பாரு."

"முறையாவது மண்ணாங்கட்டியாவது. யாரு ஆசைப்பட்டு வந்தது?"

"நீ மட்டும் தூங்கவா வந்த? பாரு. எனக்குக் காது இருக்கு."

"அப்ப ரெண்டு பேருமே மேடைப் பக்கம் நின்னுடலாமா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு நான் எழுதிய முடிவுகள்:

"அண்ணியும் மேடைப் பக்கம் திரும்பினாள். முழுப் பாட்டையும் இருவரும் தோளோடு தோள் நின்று..." அடித்தேன். சாய முதுகில்லாமல் அந்தக் காலும் அந்த முட்டியும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பாதியில் உட்கார்ந்தால் வாசலை மறித்தவன் ஜெயித்துவிடுவான்.

"நாத்தனார் அவளை வலுக்கட்டாயமாகத் திருப்பி..." அடித்தேன். விட்டுக்கொடுத்தவளைத் தெய்வமாக்கி ஒரு ஓரமாக உட்காரவைத்துவிடுவார்கள். அவளுக்கும் பாட்டு வேண்டும்.

"பாடகி கீழே இறங்கி வந்து அவர்களிடம்..." என்று தொடங்கியதும் வீட்டுக்காரி, "போதும், போய்ப் படுங்க" என்றாள்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதி, உங்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பவும் மாட்டேன். புல்லாங்குழல் முடிந்துவிட்டது, பாடகி மூச்சை இழுக்கிறாள். யார் முகம் மேடைப் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். யோசித்து மெதுவாகச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.