தாணா வரைக்கும் தன்னம்பிக்கை

கணேசபாண்டியனை இரண்டு பெண் வீட்டார் வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். இரண்டு வீட்டிலும் சொன்ன காரணம் ஒன்றுதான்: பையனுக்கு வாய் இல்லை.

முதல் வீட்டில், “இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுமா?” என்று கேட்டார்கள். வேண்டாமென்று சொல்லத் தைரியம் வராமல், கேட்டபோதெல்லாம் தலையாட்டினான். பெண்ணுக்கு எடுத்து வைத்திருந்த கேசரியும் தீர்ந்துபோயிற்று. இரண்டாவது வீட்டில், “தம்பிக்கு எங்க வேலை?” என்றார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான். பம்பாய் ஃபோர்ட்டில் கப்பல் கம்பெனி என்று மீனாட்சியம்மாள் சொன்னாள். ஆபீஸ் எத்தனை மணிக்கு, மேலதிகாரி எப்படிப்பட்டவர், லீவு கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். இறங்கி வரும்போது பெண்ணின் சித்தப்பா, “அந்தக் கம்பெனியில வேல பாக்கது மகனா, அம்மாவா?” என்று கேட்டது மாடிப்படி வரைக்கும் காதில் விழுந்தது.

மூன்றாவதாக வந்தது கனகவள்ளியின் ஜாதகம். செம்பூர் கேம்ப்பில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருந்த கோமதிநாயகத்தின் ஒரே மகள். முதல் இரண்டு இடங்கள் தட்டிப்போனதில் கணேசபாண்டியனுக்கு உள்ளூர வருத்தமில்லை. இது தட்டிப்போனால் தாங்க மாட்டான். பங்குனி உத்திரத்தன்று மாட்டுங்கா கோவிலில் அவளை அவன் பார்த்திருந்தான். வரிசை முட்டித் தள்ளியபோது, “முன்னால கைக்குழந்தை இருக்கு, கொஞ்சம் நில்லுங்க” என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. அத்தனை பேரும் நின்றார்கள். மற்றவர்கள் பிறகு நகர்ந்துவிட்டார்கள். கணேசபாண்டியனின் மனசு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

ஜாதகம் பொருந்திய வாரம், மாட்டுங்காவில் ஒரு காப்பிப்பொடிக் கடைக்கு மேலே தொங்கிய போர்டு அவன் கண்ணில் பட்டது. ‘பேராசிரியர் திருவேங்கடம். தன்னம்பிக்கைப் பயிற்சிக் கூடம். கோழைகளுக்கு மாலையில் தனி வகுப்பு.’

அவர் எந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் இருந்தால் அந்த வகுப்புக்கு ஏன் வரப்போகிறார்கள்?

“தெரியாது என்ற சொல்லை இன்றோடு கொளுத்திவிடுங்கள்!” என்று பேராசிரியர் மேஜையைத் தட்டுவார். “வழி கேட்காதீர்கள்! மன்னிப்புக் கேட்காதீர்கள்! முடிவெடுத்த பிறகு திரும்பிப் பார்க்காதீர்கள்!” ஒரு நாள் அவர் முழங்கிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய், மின்விசிறி நின்றது. “நான்தான் நிறுத்தினேன்” என்றார் பேராசிரியர். முப்பது கோழைகள் வியர்வை வழியக் கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்தால் இன்னொரு கஷ்டம். மாடிப்படி ஓர் ஆள் இறங்கும் அளவுக்குத்தான் இருந்தது. முதல் வாரம், “நீங்க போங்க சார்”, “இல்ல, நீங்க போங்க” என்று மரியாதையாக இறங்கினார்கள். பயிற்சி ஏற ஏற யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. நெஞ்சை நிமிர்த்தியபடி படியிலேயே மாட்டிக்கொண்டார்கள். கீழே இருந்து காப்பிப்பொடிக் கடைக்காரர் குச்சியால் சுவரைத் தட்டினால்தான் அடைப்பு எடுபடும்.

பக்கத்து ஹோட்டலில் கணேசபாண்டியன் அடிவயிற்றிலிருந்து, “ஒரு காப்பி!” என்று முழங்கினான். சர்வர் திரும்பிப் பார்த்து, “மாடி கிளாஸா?” என்று கேட்டுவிட்டு, மெதுவாகப் பேசுகிற பத்துப் பேருக்குக் கொடுத்த பிறகு அவனுக்குக் கொண்டுவந்தான்.

தினமும் கண்ணாடி முன்னால் நின்று ‘நான் சிங்கம்’ என்று சொல்ல வேண்டும். தாராவியில் அவர்கள் வீட்டில் இருந்த சவரக் கண்ணாடி பாதி முகத்துக்குத்தான் போதும். ஆகவே அவன் காலையில் மூக்குக்கு மேலேயும், மாலையில் மூக்குக்குக் கீழேயும் சிங்கமானான்.

“ஏல கணேசா, மீன்காரி கையப் புடிச்சு ஏம்ல குலுக்குத?” என்றாள் மீனாட்சியம்மாள். “அவ பயந்துபோயி கூடையத் தூக்கிட்டு ஓடிட்டா. இன்னைக்கு வெறும் புளிக்குழம்புதான்.”

“அது உறுதியான கைகுலுக்கல்மா. நாளைக்கு நானே போய் வாங்கிட்டு வாரேன்.”

“வேண்டாம்டே. ஊருல யாரும் மீன் திங்க வேண்டாமா?”

*

பெண் பார்ப்பது தாதரில், பெண்ணின் அத்தை வீட்டில் என்று ஏற்பாடு. பம்பாயில் அதுதான் வழக்கம். ஒற்றை அறை வீடுகளில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் காப்பி கொடுத்தால் அந்தப் பக்கம் சர்க்கரை போதாது என்று சொல்வார்கள். வரன் தட்டிப்போனால் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலிருக்க, சொந்தக்காரர் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். பதிலை வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புவார்கள்.

அன்று கணேசபாண்டியன் பேசினான். கப்பல் பற்றிப் பேசினான். நாட்டின் நிலைமை பற்றிப் பேசினான். எவர்சில்வர் வியாபாரத்தை எப்படி நடத்த வேண்டும் என்று கோமதிநாயகத்துக்கே விளக்கினான். கேசரியில் நெய் காணாது என்றான். மீனாட்சியம்மாள் அவனுக்கு ஏதோ சாமி வந்துவிட்டதென்று பயந்து உட்கார்ந்திருந்தாள்.

கோமதிநாயகம் சொக்கிப்போனார். “பையன் எம்புட்டுத் தெளிவாப் பேசுதாரு பாத்தியா!” என்று மனைவி ஆவுடையம்மாளிடம் சொன்னார். கேசரி கிண்டியவள் ஆவுடையம்மாள். அவள் கேசரித் தட்டை இழுத்து மூடிவைத்தாள். கனகவள்ளி ஒரு முறை நிமிர்ந்து அவனைப் பார்த்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு குடும்பமும் ஒன்றாகத்தான் தாதர் ஸ்டேஷனுக்கு வந்தன. இவர்கள் சயானில் இறங்கித் தாராவிக்குப் போக வேண்டும். அவர்கள் குர்லாவில் இறங்கி செம்பூருக்கு வண்டி மாற வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டி ஒன்று போதும், இரண்டு பேருக்கும்.

கணேசபாண்டியன் தினமும் சயானில் ஏறி, ஆபீசுக்குப் பக்கத்து வி.டி. ஸ்டேஷனில் இறங்குகிறவன். தாதரில் இறங்கி ஏறிப் பழக்கமில்லை. அன்று வந்ததுகூட பஸ்ஸில்தான். எந்தப் பிளாட்பாரத்தில் ஸ்லோ, எதில் ஃபாஸ்ட் என்று அவனுக்குத் தெரியாது. பழைய கணேசபாண்டியனாக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பான்.

“வாங்க மாமா, நம்ம வண்டி வருது” என்று முன்னால் நடந்தான்.

“இது ஃபாஸ்ட் வண்டி மாதிரி இருக்கே” என்றாள் கனகவள்ளி. “யாரையாவது கேட்டுக்கலாமா?”

“எனக்குத் தெரியாதா?” என்றான் கணேசபாண்டியன்.

“அவருக்குத் தெரியாதாட்டி?” என்றார் கோமதிநாயகம்.

ஏறினார்கள். வண்டி மாட்டுங்காவைப் பார்க்காததுபோலப் போயிற்று. சயான் வந்தது. மீனாட்சியம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சயான் போயிற்று.

“ஏல! நம்ம ஸ்டேஷன் போயிட்டுல்லா!”

குர்லாவும் தடதடவென்று பின்னால் ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்த மராட்டிக்காரர் ஒருவர் இவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, “அம்பர்நாத் ஃபாஸ்ட் ஹை. அப் சீதா தாணா!” என்றார். அடுத்து நிற்கப்போவது தாணாவில்தான்.

கணேசபாண்டியன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். ஆனால் பேராசிரியரின் குரல் காதுக்குள் முழங்கியது.

“அதுக்காகத்தான் மாமா இதுல ஏறினேன்” என்றான். “ஞாயித்துக்கிழமை ஸ்லோ வண்டியில மூச்சு விட முடியாது. தாணாவுக்குப் போயி அங்கேருந்து திரும்பினா உட்கார்ந்துக்கிட்டே வரலாம். பெரியவங்க கூட இருக்கும்போது நான் இப்படித்தான் செய்யுறது.”

“பாத்தியா?” என்றார் கோமதிநாயகம் ஆவுடையம்மாளிடம். “நமக்கு இத்தன வருசமா இது தோணுச்சா?”

கனகவள்ளி ஜன்னலோரம் நின்றிருந்தாள். சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி அவனிடம், “நெசமாவே தெரிஞ்சுதான் ஏறினீங்களா?” என்றாள்.

அவள் கேலி செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஆமா” என்றான்.

அவள் சரி என்று தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காட்கோபர் போயிற்று, முலுண்ட் போயிற்று. அவள் திரும்பவே இல்லை. அவளுடைய அப்பா தன் பக்கம் முழுதாகச் சாய்ந்துவிட்டார் என்பது கணேசபாண்டியனுக்குத் தெரிந்தது. அவள் அந்த ஒரு சொல்லில் தன்னைவிட்டு விலகிப் போய்விட்டாள் என்பதும் தெரிந்தது. அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்த வகுப்பிலும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

*

தாணாவில் இறங்கியதும், அங்கேயே நின்றிருந்த டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டினார். ஐந்து டிக்கெட்டில் மூன்று செம்பூருக்கு, இரண்டு சயானுக்கு. அவர் டிக்கெட்டுகளைப் பார்த்தார். ஐந்து பேரையும் பார்த்தார்.

கோமதிநாயகத்துக்கு ஒரே உற்சாகம். “நீங்க யாரும் வாயத் தொறக்காதிய. மாப்பிள்ளை பேசுவாரு” என்றார்.

மாப்பிள்ளை! அந்தச் சொல் கணேசபாண்டியனின் காதில் மேளமாக ஒலித்தது. இன்னும் இரண்டு நிமிஷம் சத்தம் போட்டால் போதும். ஸ்டேஷன் போர்டு சரியில்லை, ரயில்வே சரியில்லை, எனக்கு யார் யாரைத் தெரியும் தெரியுமா என்று முழங்கினால் கல்யாணம் நிச்சயம். நெஞ்சு தானாக நிமிர்ந்தது. மூச்சை இழுத்தான்.

கனகவள்ளி பரிசோதகரைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இழுத்த மூச்சு அப்படியே இறங்கியது.

“மேரா கல்தி, சாப்” என்றான். அவனுடைய ஹிந்தி எப்போதும்போல நொண்டியது. “இவங்க யார் மேலயும் தப்பில்ல. நான்தான் ஃபாஸ்ட் வண்டின்னு தெரியாம ஏத்திட்டேன்.” பாதித் தமிழில் சொன்னதை எப்படியோ புரிந்துகொண்டு, பரிசோதகர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். கணேசபாண்டியன் ஐந்து பேருக்கும் அபராதம் கட்டினான்.

பிறகு கோமதிநாயகத்திடம் திரும்பினான். இதுதான் கஷ்டமாக இருந்தது.

“மாமா, நான் வண்டியில சொன்னது பொய். எனக்குத் தாதர்ல பிளாட்பாரம் தெரியாது. கேட்டா தைரியமில்லாதவன்னு நெனப்பீங்கன்னு கேக்கல. பாத்திர வியாபாரமும் எனக்குத் தெரியாது.” கொஞ்சம் யோசித்தான். “கேசரியில நெய் சரியாத்தான் இருந்தது அத்தை.”

ஆவுடையம்மாள் முதல்முறையாக அவனைச் சரியாகப் பார்த்தாள்.

கோமதிநாயகத்தின் முகம் விழுந்துவிட்டது. வாங்கிய ரேடியோ வீட்டுக்கு வந்ததும் பாடாமல் போனால் எப்படியிருக்கும், அப்படி. “அப்பம் அங்க பேசினதெல்லாம்?” என்றார்.

“வகுப்புல சொல்லிக்குடுத்தது மாமா.”

திரும்பிப் போகிற பிளாட்பாரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. கணேசபாண்டியன் வாசலில் நின்றவரிடம் போய், இது ஸ்லோவா, சயானிலும் குர்லாவிலும் நிற்குமா என்று கேட்டான். அவர் நிற்கும் என்றார். உள்ளே ஏறி, கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடமும் ஒரு முறை கேட்டுக்கொண்டான்.

கோமதிநாயகம் மகள் பக்கம் குனிந்தார். “போர்டுலதான் போட்டிருக்கே! ஆம்பள ஊருபூராவா கேட்டுட்டுத் திரிவான்? சரி, வீட்டுக்குப் போயி நாசூக்காப் பதில் சொல்லி அனுப்பிருவோம்.”

“வீட்டுக்குப் போயி என்னத்தப்பா சொல்லணும்? இங்கனயே சொல்லிரலாம்” என்றாள் கனகவள்ளி. “எனக்குச் சம்மதம்.”

“ஏட்டி! ரயிலுல வச்சா!”

“இருக்கட்டும்ப்பா. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுத ஆளுன்னா வீட்டுல பாதிச் சண்ட மிச்சம்.”

“ஒங்க அப்பாவுக்கு இத்தன வருசமா நாஞ் சொல்லுததுதானட்டி இது” என்று ஆவுடையம்மாள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். மீனாட்சியம்மாளுக்கு வாயை மூடவெல்லாம் தோன்றவில்லை, அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

வண்டி புறப்பட்ட இரைச்சலில் கணேசபாண்டியனுக்கு எல்லாம் ஏதோ கனவுபோல இருந்தது. காதில் விழுந்தது சரிதானா என்று நம்பிக்கை வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் அருகே வந்தான்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றான். “எனக்குச் சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்களேன்.”

கனகவள்ளி இன்னொரு தடவை சொன்னாள்.