பிறந்த வீட்டுக் கோடி

பூவாத்தாள் நடையை மறித்து உட்கார்ந்துவிட்டாள். வாசலில் பச்சை மூங்கில் பாடை கட்டி முடித்தாகிவிட்டது. உள்ளே அம்மா முத்தாயம்மாளைக் குளிப்பாட்டி, பூ முடித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடித்துணி ஒன்றுதான் பாக்கி.

"எந்திரி சாமி," என்றார் பெரியப்பா காளியண்ணன். அவர் கையில் ராசிபுரத்துப் பட்டுச்சேலை ஒன்று இருந்தது. "நானே எடுத்தாந்துட்டேன். இதப் போத்தித் தூக்கிப்போடலாம். உச்சிப்பொழுதுக்குள்ள சுடுகாடு போய்ச் சேரோணும்."

"மாமன் வருவாங்க."

"நேத்தே தந்தி குடுத்தாச்சு. பதிலக் காணம். ஆகாசத்துல சுத்தறவனுக்குத் தந்தி எங்க போயிச் சேரும்?"

இழவு வீட்டிலும் நாலு பேர் சிரித்தார்கள். பூவாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புதுத்துணி மேலே விழாமல் பாடை ஏறக்கூடாது. அந்த வீட்டில் மிஞ்சியிருந்தது அம்மாவின் தம்பி மருதாசலம் ஒருவர்தான். பெங்களூரில் விமானப்படையின் பெரிய அதிகாரி. படையில் சேரப் போகிறேன் என்று அவர் கிளம்பிய அன்று, மண்ணில் கால் படாத பிழைப்பும் ஒரு பிழைப்பா என்று தாத்தா கதவைச் சாத்தினாராம். அம்மாதான் கதவைத் திறந்துவிட்டு, "நீ போடா, நான் பாத்துக்கறேன்," என்றாளாம். இந்தக் கதையை அம்மா சொல்லாத ஆள் ஊரில் கிடையாது.

பதவி உயரும்போதெல்லாம் மாமன் ஒரு போட்டோ அனுப்புவார். எழுத்து தெரியாத அம்மா, கோட்டுக் கையில் இருக்கும் கோடுகளை வைத்தே அவர் உத்தியோகத்தைப் படித்துக்கொண்டாள். ஒரு கோடு, இரண்டு கோடு, பர்மாச் சண்டைக்குப் பிறகு மூன்று கோடு. போட்டோ வந்த அன்று கிணற்றடியில் அதை எல்லாருக்கும் காட்டிப் பேசியே அவளுக்குத் தண்ணீர் சேந்த நேரம் இருக்காது. "நாலாவது எப்பன்னு கேட்டு எழுதுடி," என்பாள் பூவாத்தாளிடம்.

பெரியப்பாவின் சேலை விழுந்துவிட்டால், அக்கா சாவுக்குத் தம்பி வரவில்லை என்று ஊர் காலத்துக்கும் பேசும். அம்மாவின் அத்தனை பெருமையும் அந்தப் பேச்சில் அடிபட்டுப் போகும். அதை மட்டும் பூவாத்தாளால் விட முடியாது.

சுவரோரம் உட்கார்ந்திருந்த அப்பா குமாரசாமி தலையைத் தூக்கினார்.

"அண்ணா, கொஞ்சம் பொறுங்க. இவளும் அவ அம்மாளாட்டமேதான். எந்திரிக்க மாட்டா."

வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது தோட்டத்துத் தடத்தில் ஜீப் வந்தது. முதலில் புழுதிதான் தெரிந்தது. மருதாசலம் நீலக் கோட்டோடு இறங்கினார். இரவெல்லாம் ஓட்டி வந்த கண்கள் சிவந்திருந்தன. பூவாத்தாள் எழுந்து வழிவிட்டாள். அவர் உள்ளே போய், "அக்கா," என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து துணியை எடுத்தார்.

பட்டுதான். நீளமாக, மெல்லியதாக, சுத்த வெள்ளையாக இருந்தது.

அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். "ஐயோ, புருசன் உசுரோட இருக்கறவளுக்கு வெள்ளையா?" என்றாள் ஒருத்தி.

மருதாசலம் கையில் துணியோடு அப்படியே நின்றார். ஒரு படையையே நடத்துகிறவருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"எனக்குத் தோணவே இல்லீங்க," என்றார் பெரியப்பாவிடம். "விடிஞ்சும் விடியாமயும் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை வீதியத் தாண்டிட்டேன். ஒரு கடை தெறக்கல. நின்னா அக்கா முகத்தப் பாக்க முடியாதுன்னு வந்துட்டேன். இது ஊட்டுல இருந்துச்சு. பாராசூட்டுத் துணிங்க. பர்மாவுல என் விமானம் அடிபட்டப்போ இதுதான் என்னை உசுரோட எறக்கி உட்டுச்சு. அக்கா பாக்கோணும்னு கேட்டுட்டே இருந்தா."

"கோடின்னா புதுசா இருக்கோணுமப்பா," என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது.

"ஒரே ஒருக்காதானுங்க விரிஞ்சுது."

பெரியப்பா தன் கையிலிருந்த சேலையையும் அந்த வெள்ளைத் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பூவாத்தாள் அவர் எதிரே வந்து நின்றாள்.

"வெள்ள ஆகாது, அவ்வளவுதானுங்களே பெரியப்பா?"

"ஆமா."

"மஞ்சளாக்கிட்டா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. களத்தில் அந்த வருஷத்து வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. போன வாரம் அம்மாவே இடித்து வைத்த தூள் அடுக்களையில் ஒரு பானை நிறைய இருந்தது. பூவாத்தாள் அதை அப்படியே அண்டாத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினாள். துணியை வாங்கக் கை நீட்டினாள்.

"நான் நனைக்கறேன் கண்ணு," என்றார் மருதாசலம்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விட்டுத் துணியை அமுக்கினார். அழுவது தெரியாமலிருக்க முகத்தை நன்றாகக் கவிழ்த்துக்கொண்டார். பட்டு சட்டென்று மஞ்சளைப் பிடித்துக்கொண்டது. மாமனும் மருமகளும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துப் பிழிந்து, உள்ளே கொண்டுபோய்ப் போர்த்தினார்கள். அம்மாவுக்கு அது தலைமுதல் கால்வரை போதுமானதாக இருந்தது.

பெரியப்பா தன் சேலையைக் கயிற்றுக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, "அப்பறமென்ன, தூக்குங்கப்பா," என்று சத்தமாகச் சொன்னார். முன்பக்க மூங்கிலுக்கு மருதாசலத்தைக் கூப்பிட்டதும் அவர்தான்.

பெண்கள் ஊர் எல்லைவரைதான் போகலாம். புளியமரத்தடியில் நின்று பூவாத்தாள் பார்த்தாள். மாமன் தோளில் மூங்கிலைத் தாங்கி, ஒரு கையை உயர்த்திப் பிடித்திருந்தார். நீலக் கோட்டுக் கையில் மூன்று கோடுகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே, நீலக் கோட்டுக்கு வெளியே தெரிந்த சட்டைக் கையின் ஓரம் ஈரம் காயாமல், இன்னொரு கோடு போல மஞ்சளாக இருந்தது.

அவள் ஒவ்வொன்றாக நாலுவரை எண்ணிவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.