றாஹிலாவின் குரவை

சுபைறா இசையமைக்கும் முதல் முழுநீளப் படத்துக்கு எல்லாம் சரி, ஒரு சம்மதம் மட்டும் பாக்கி. அதைத் தர வேண்டியவர் தயாரிப்பாளரோ தணிக்கைக்காரரோ அல்ல. கல்முனையில் சுனாமிக்காரருக்கென்று கட்டிய மாடி வீட்டில் தனியாக இருந்த அவளுடைய சாச்சி, சின்னம்மா முறையான ஆயிஷா உம்மா.

பதினைந்து வருடமாகக் கொழும்பில் சவர்க்கார விளம்பரத்துக்கும் வானொலி நாடகத்துக்கும் துண்டு துண்டாக இசை போட்டுப் பிழைத்தவள் சுபைறா. பெண்பிள்ளைக்கு இதுவும் ஒரு தொழிலா என்று அவளுடைய ஊரான கல்முனைக்குடி கேட்டது. கேட்டவர்களே விளம்பரம் வந்தால் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி, இது நம்மட கசெற் கடை முகம்மது தம்பியின் மகள் போட்டது என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னார்கள். ஊர் என்றால் அப்படித்தான், இரண்டு கையாலும் அடிக்கும், அதே கையால் தட்டியும் கொடுக்கும்.

படம் கடல் வந்த நாளைப் பற்றியது. இயக்குநர் நிதர்சன் பாண்டிருப்புக்காரன். முந்தின நாள் கல்யாணம் நடந்த வீடு, மறுநாள் அத்திவாரமும் கிணறும் மட்டுமாக நிற்கிறது. அந்த ஐந்து நிமிடக் காட்சிதான் படத்தின் உயிர். அதற்கு சுபைறா இருபது வயலின் எழுதினாள். வயலின்களுக்கு நடுவில் பெண்களின் குரவை ஒன்று எழும்பும்.

அந்தக் குரவை அவளிடம் ஒரு கசெற்றில் இருந்தது. 2003இல் கூடப் பிறந்த ராத்தாவின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டபோது, அலுமாரிக்குப் பின்னால் ரெக்கோடரை வைத்து அவளே பதிந்தது. அதில் ஒரு குரல் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஏறி, அறாமல் நீண்டு போகும். அது றாஹிலாவின் குரல் என்று சுபைறா நம்பியிருந்தாள். றாஹிலா, சாச்சியின் ஒரே மகள். பத்தொன்பது வயதில் அவளைக் கடல் கொண்டுபோனது. மையித்துக்கூடக் கரை ஒதுங்கவில்லை.

அந்தக் குரலைக் கணினியில் ஏற்றி, சுற்றியிருந்த இருமலையும் பாத்திரச் சத்தத்தையும், இடையில் கோணிக்கொண்டு வந்த யாரோ ஒருத்தியின் குரலையும் வெட்டித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அழுதாள். வேலைக்கும் அழுகைக்கும் அவளுக்கு வேறு வேறு நேரம் வாய்த்ததில்லை.

"இதான் அக்கா உங்கள நாலு பேருக்குத் தெரிய வைக்கப்போற இடம்," என்றான் நிதர்சன். பிறகு தயங்கி, "அவட உம்மாக்கிட்ட கேட்டீங்களா?" என்றான்.

கேட்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், பிள்ளையின் குரலைப் படத்துக்குத் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

ஆனாலும் கடைசியில் அதைக் கேட்கத்தான் கல்முனைக்குப் போனாள். அது 2009 மே மாதம், யுத்தம் முடிந்துவிட்டதென்று அறிவித்து இரண்டு நாள். வழி நெடுகச் சந்திகளில் கொடியும் பாற்சோறும் வெடித்தாளுமாகக் கிடந்தது. பஸ் கல்முனைக்குள் நுழைந்தபோது உள்ளே இருந்தவர்கள் அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"வா புள்ள. கொழும்புல வெடியெல்லாம் கொழுத்தினாங்களாமே?" என்று கேட்டபடி ஆயிஷா உம்மா கதவைத் திறந்தார்.

"ஓம் சாச்சி."

"முடிஞ்சதெண்டு ரேடியோவில சொல்லிட்டாங்க. என்ட புள்ள முடிஞ்சாளெண்டு எனக்கு ஆர் சொன்ன?"

இறந்தவர்களுக்காக ஓதும் கத்தத்தை, நாலரை வருடமாக றாஹிலாவுக்கு ஓத அவர் சம்மதிக்கவில்லை. பள்ளிவாசல் லெப்பை வந்து சொல்லிப் பார்த்தார். அடுத்த வீட்டு சபியா உம்மா ஒவ்வொரு வருடமும் கேட்டுப் பார்த்தார். "பொறுங்க" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. மகள் உயிரோடு வருவாள் என்று பாவம் காத்திருக்கிறார் என ஊர் முடிவு கட்டிவிட்டது. சுபைறாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

சுற்றி வளைக்காமல் விசயத்தைச் சொன்னாள். கணினியைத் திறந்து, ஹெட்போனை சாச்சியின் முக்காட்டின் மேலேயே வைத்தாள். ஆயிஷா உம்மா கண் இமைக்காமல் கேட்டார். முடிந்ததும் தானே கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வடிவாத்தான் இரிக்கி. ஆனா இது றாஹிலா இல்ல."

"சாச்சி?"

"இது நான்."

சுபைறா கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்கு எப்ப புள்ள குரவை வந்த? நாக்கச் சுழட்டத் தொடங்கினா ரெண்டாம் சுத்துல சிரிப்பு வந்திரும். குரவை கோணும், அறும், நிண்டு சிரிப்பாள். மாப்பிள்ள வீட்டார்ட முன்னுக்கு மானம் போகப்படாதெண்டு, அவள் விட்ட இடத்த மூடத்தான் நான் பின்னால நிண்டு உரத்துப் போட்ட. அவட அந்தக் குரல் எங்க?"

இடையில் கோணிக்கொண்டு வந்த குரல்.

"அத நான் வெட்டிட்டன் சாச்சி. பிழையெண்டு நெனச்சி."

ஆயிஷா உம்மா ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கதைத்தார்.

"சனம் நெனைக்கிறாங்க நான் அவள் வருவாளெண்டு காத்திரிக்கனெண்டு. அப்படி இல்ல. எனக்குத் தெரியும். அவட முகம் போட்டோவில இரிக்கி. குரல்தான் மறந்து போச்சி. யோசிச்சி யோசிச்சிப் பாக்கன், வருகுதில்ல. பெத்த புள்ளட குரலே தெரியாம எப்படிக் கத்தம் ஓதிற? ஆருக்கோ ஓதின மாதிரியெல்லுவா போகும்."

பிறகு சுபைறா பக்கம் திரும்பிக் கேட்டார். "கசெற் இரிக்கா?"

"கொழும்புல இரிக்கி."

"கொண்டு வா. படத்துல வைக்கிறெண்டா அவட சிரிப்போட வை. இல்லாட்டி என்ட சத்தத்தையும் எடுத்திரு."

திரும்புகிற வழியெல்லாம் சுபைறாவுக்கு ஒரே பயம்தான். வெட்டாத பதிவைக் கணினியில் வைத்திருக்கவில்லை, மிச்சம் அந்த ஆறு வருடத்து ஈரம் பட்ட நாடாதான், இன்னொரு தடவை ஓடுமோ அறுமோ. கொழும்பு அறையில் அதை ரெக்கோடரில் போட்டபோது முதலில் இரைச்சல்தான் வந்தது. பிறகு வாசலில் ஆரவாரம். குரவை எழும்பியது. இரண்டாம் சுற்றில் ஒரு குரல் கோணி, அறுந்து, சிரித்தது. "ஏலா உம்மா, வருகுதில்ல," என்றது. உடனே சாச்சியின் குரல் மேலே வந்து எல்லாவற்றையும் மூடியது. எல்லாம் சேர்த்து மூன்று விநாடி இருக்கும்.

அந்த மூன்று விநாடியைக் காட்சியில் வைத்தாள். இருபது வயலினுக்குக் கீழே அது கேட்கவே இல்லை. பத்தாகக் குறைத்தாள். ஐந்தாக்கினாள். கடைசியில் ஒரே ஒரு வயலின் மட்டும் நின்றது. அதுவும் சும்மா இருக்காமல், அழுங்கள் அழுங்கள் என்று கேட்பவரின் கையைப் பிடித்து இழுத்தது. இப்படி ஒரு இடம் கிடைக்கப் பதினைந்து வருடம் சவர்க்காரத்துக்கு இசை போட்டிருக்கிறாள். கிடைத்த இடத்திலிருந்து தன்னைத்தானே இறக்கிவிட வேண்டியிருந்தது. றாஹிலா மேல் பொறாமையாகக்கூட இருந்தது. மௌத்தானவள் மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கப்பட்டாள். பிறகு அந்தக் கடைசி வயலினையும் எடுத்துவிட்டாள். அப்போதுதான் றாஹிலாவின் குரல் சரியாகக் கேட்டது.

நிதர்சன் வந்து கேட்டான். "அக்கா, உங்கட மியூசிக் எங்க?"

"இதுல இல்ல."

"சனம் உங்களக் கவனிக்கப்போற இடமே இதுதானே."

"தெரியும் தம்பி."

அவன் இன்னொரு தடவை போட்டான். காட்சியில் வெறும் அத்திவாரம், கிணறு, காற்று. அந்த வெறுமைக்குள் ஒரு பெண் குரவையிடத் தெரியாமல் சிரிக்கிறாள். அவன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குனிந்துகொண்டான். "இருக்கட்டும்," என்றான்.

அடுத்த கிழமை அவள் கசெற்றோடு கல்முனைக்குப் போனாள். ஆயிஷா உம்மா கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டார். முடிந்ததும், "திரும்பப் போடு," என்றார். அதன்பிறகும், "திரும்ப." மூன்றாம் தடவை அந்தச் சிரிப்பு வந்ததும் அவரும் சிரித்துவிட்டார். "இதான். இதான் அவள்," என்றார். அதன்பிறகு அழுதார். நாலரை வருடத்து அழுகை அவசரமில்லாமல் வந்தது. சுபைறா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

ஆயிஷா உம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். கதவைத் திறந்து, வெளியே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த சபியா உம்மாவைக் கூப்பிட்டார்.

"வாற வெள்ளிக்கிழமை றாஹிலாவுக்குக் கத்தம். லெப்பைக்குச் சொல்லி விடுங்க."