பசுமைக்குடிலில் முதல் மாதிரி

வெள்ளைக் கோட்டும் ஒரு பெட்டி நிறையக் காலிப் புட்டிகளுமாக அவள் பசுமைக்குடிலுக்குள் வந்து நின்றபோது, வெள்ளரி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் யாரும் தலை நிமிரவில்லை. அவர்களில் ஒருத்தி அவளைப் பெற்றவள். உடம்பில் பூச்சிமருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சிறுநீரைப் பரிசோதிக்க, அரசு ஆய்வகம் அவளை அனுப்பியிருந்தது. மாதிரி கொடுத்தவர்களை உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என மேற்பார்வையாளர் முன்கூட்டியே காதில் போட்டுவைத்திருந்தார். போதாக்குறைக்கு வெட்கம் வேறு.

அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"ஏண்டி, இதையெல்லாம் நீ கையால தொடுவியா?"

"தொடுவேம்மா. அதுதானே என் வேலை."

"உனக்கே இல்லாத கூச்சம் எனக்கென்ன? குடு ஒண்ணு."

கழிவறையிலிருந்து திரும்பியவள் புட்டியைத் துணிக்குள் மறைக்கவில்லை. மேற்பார்வையாளர் பார்க்கப் பார்க்க, தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

"மருந்து அடிச்ச ஈரம் காயறதுக்குள்ள நம்மள உள்ள அனுப்புறாங்களே, அவங்க வெக்கப்படட்டும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் வரிசை வாசல்வரை நீண்டது. மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. சீட்டு ஒட்டுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

சொந்தத் தாயாயிற்றே என்று அம்மாவின் மாதிரியை மட்டும் சோதிக்கச் சக ஊழியரிடம் கொடுத்தாள். எல்லாரிடமும் மருந்தின் எச்சம் அளவுக்கு மீறி இருந்தது. அம்மாவிடம்தான் அதிகம்.

"வீட்டுல சாப்பிடுற காய்கறியில இருந்து வந்திருக்கும்" என்று முதலாளி தட்டிக்கழித்தார்.

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. கூரை பழுதுபார்க்கக் குடிலை ஒரு வாரம் மூடியபோது, அதே பெண்களின் வீடுகளுக்குப் போய் மறுபடி மாதிரி வாங்கினாள். அதே வீடு, அதே சாப்பாடு. எச்சம் மட்டும் அடியோடு இறங்கியிருந்தது. இரண்டு முடிவுகளையும் முதலாளி முன் வைத்தாள்.

"இந்த ஒரு வாரம் அவங்களுக்கு வேலை மட்டும்தான் சார் இல்ல. மத்த எல்லாமே இருந்துச்சு."

முதலாளி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்; பிறகு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

இப்போது மருந்து அடித்தால் குடில் பூட்டித்தான் கிடக்கிறது. காய்ந்து காற்றோட்டம் பாயும்வரை யாரும் உள்ளே போவதில்லை. கையுறை வந்தது, முகமூடி வந்தது. அடுத்த பரிசோதனையில் அம்மாவின் அளவு பாதிக்கும் கீழே போயிற்று.

அதைக் கேட்ட நாளில் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், அவர் கேட்காமலே, அம்மா சொன்னாள்: "இவ என் மக. எங்க மூத்திரத்தைப் பேச வெச்சு, முதலாளி வாயை அடைச்சவ."

"அம்மா, மெதுவா."

"எதுக்குடி மெதுவா?" என்றாள் அம்மா, முன்னிலும் உரக்க.