ஊசி இழுத்த இழை

சக்கர நாற்காலி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா அதன்மேல் துணிதான் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அதைத் திரும்பிப் பார்ப்பதாயில்லை. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். கால் தவறி விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது.

“எனக்கெதுக்கு அந்த வண்டி? என் பொண்ணு நரம்பு வளக்குறா” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு, படுத்த படுக்கையாகக் கிடந்தார். முதுகில் புண் வைத்துவிட்டது. இனியும் எழுந்து உட்காராவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

மகள் ஆராய்ச்சிக்கூடத்தில் நரம்பு வளர்ப்பது உண்மைதான். ஆனால் அது எலிக்குட்டியின் நரம்புச் செல், ஒரு சின்னத் தட்டில். அப்பாவின் முதுகுக்கு அது உதவாது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

“ஒரு தடவை எங்க லேபுக்கு வந்து பாருங்கப்பா. அப்புறம் உங்க இஷ்டம்.”

“இன்னிக்கு மட்டும்தான் இந்த வண்டி. சொல்லிட்டேன்.”

“மகாராஜா இறங்கி வந்துட்டார்” என்று அம்மா துணிகளை வாரிக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நுண்ணோக்கியில் பொருத்திய கேமரா, செல்லைத் திரையில் பெரிதாகக் காட்டியது. செல்லிலிருந்து நீண்ட இழையின் நுனியைக் கண்ணாடி ஊசி ஒன்று பிடித்திருந்தது.

“ஊசி மெதுவா இழுக்க இழுக்க, இழையும் கூடவே வளரும்பா. ரப்பர் மாதிரி நீளுறது இல்ல, நெஜமாவே வளர்றது.”

“எங்க வளருது? அப்படியேதான நிக்குது!”

“கண்ணுக்குத் தெரியாதுப்பா. ஒரு மணி நேரத்துல ஒரு முடியோட தடிமன் அளவுக்கு வந்தாலே பெரிசு.”

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவள் இழுக்கும் வேகத்தைக் கூட்டினாள். இழை அசைந்தது.

“ஆங்! வருது, வருது பாரு!” என்று அவர் கைதட்டினார்.

இழை மெலிந்துகொண்டே போய் நடுவில் அறுந்தது. அறுந்த முனை செல்லை நோக்கிச் சுருண்டுகொண்டது.

“என்னம்மா ஆச்சு?”

“வேகமா இழுத்துட்டேன். உங்களுக்குக் காட்டணும்னு.”

“எனக்காகவா?”

“ஆமாம்பா.” அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இது உங்க முதுகுக்கு ஆகாதுப்பா. என்னிக்காவது யாருக்காவது ஆகலாம். எப்போன்னு எனக்கே தெரியாது. முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

அவரும் திரையில் சுருண்டு கிடந்த முனையைப் பார்த்தார். பிறகு, “உங்கம்மாவுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்.”

“அப்ப தெருவுக்கே தெரிஞ்சிருக்கும். நான் ஒருத்தன்தான் பாக்கி.” சிரிக்கப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

அவள் குனிந்து அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

“வேற செல் இருக்கா?”

“இருக்குப்பா.”

“அதை அதோட வேகத்துலயே விடு. எனக்காக ஒண்ணும் கூட்டாதே.”

அவள் இன்னொரு தட்டை எடுத்து வைத்து, ஊசியைப் பொருத்தினாள். இருவரும் அசையாத அந்த இழையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எழுந்து நாற்காலியின் பின்பிடியில் கை வைத்தாள்.

“விடு” என்றார்.

படுத்துப் படுத்து வலுவிழந்த கைகளைச் சக்கரங்களில் வைத்துத் தள்ளினார். நாற்காலி கோணலாகப் போய் மேசைக்காலில் இடித்து நின்றது. வாய்க்குள்ளேயே அதைத் திட்டிக்கொண்டு பின்னுக்கு இழுத்தார். மறுபடி தள்ளினார். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உதவிக்குப் போகவில்லை.