சத்தம் போடாத வண்டி

என் மாமனார் மரியான், காரின் முன்சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்து, உள்ளே ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். வண்டியின் சொந்தக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். சிவபிரசாத் என்று பெயர். ரப்பர் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டையில் ஒரு கசங்கல் கிடையாது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. எங்கே பார்ப்பது, மானம் போகிறது.

"உப்பு இல்ல," என்றார் மாமா, துப்பிவிட்டு. "மலங்காட்டு வண்டிதான். நம்பலாம்."

எங்கள் ஊர் இனயத்தில் இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டார்கள். வீட்டு வாசலில் நின்றால் கடல் தெறிக்கும். அந்தக் காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பு, என் மகள் அபினாவின் சைக்கிள், எல்லாம் துருதான். பழைய வண்டிக்கு மேலே பாலிஷ் போட்டு விற்கிறவன் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வானா? அதனால் கடப்புறத்துக்காரன் ஓட்டிய வண்டியைக் கடப்புறத்துக்காரன் வாங்கமாட்டான். மலைப்பக்கத்து வண்டியாகத் தேடித்தேடி, தடிக்காரன்கோணம் தாண்டி, கீரிப்பாறை வரைக்கும் வாடகைக் காரில் குடும்பத்தோடு வந்திருக்கிறோம். மாமா, மாமி, என் கணவர் ஷிபு, அபினா, நான். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு ஆர்வமாக இவர்கள் யாரும் வரவில்லை.

வந்த எல்லாருக்கும் வண்டி வேண்டும். எனக்கு மட்டும்தான் வேண்டாம். ஆனால் வாங்குவது எனக்காக.

நான் அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாவட்டத்தின் இந்த மூலையில் வீடு, அந்த மூலையில் வேலை. விடியுமுன் எழுந்து, சோறு பொங்கி, கருங்கல் போய், நாகர்கோவில் போய், பஸ் மாறி மாறி வகுப்பில் போய் நிற்கும்போது வாயைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. சாயங்காலம் அதே கூத்து திரும்பவும். போன மாதம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு மாடி வீடு பார்த்தேன். தனிப் படிக்கட்டு. மேலே நின்றால் காற்றாலைகள் சுற்றுவது தெரியும். வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டார். காலி வீட்டில் தரையில் உட்கார்ந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

அபினாவோடு நாம் மூன்று பேரும் அங்கே போய்விடலாம் என்று ஷிபுவிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் பாதி சம்மதம். தினமும் காரில் போய்வந்தால் சம்பளம் பெட்ரோலுக்கே போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். ஆக அந்த வீடு கிட்டத்தட்ட கைக்கு வந்த மாதிரிதான் இருந்தது.

அப்போதுதான் ஒரு யூடியூப்காரன் குறுக்கே வந்தான், நாசமாய்ப் போக. ஹைபிரிட் வண்டியாம். பெட்ரோலும் உண்டு, பேட்டரியும் உண்டு. கரண்டில் மாட்டிச் சார்ஜ் போட வேண்டியதில்லை, ஓட ஓடத் தானே ஏற்றிக்கொள்ளும். டவுன் நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சினே ஓடாது. தேங்காப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் சப்ளை செய்கிற என் கணவர், லோடு வந்து நிற்பதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். புதுசு நமக்கு எட்டாது, பழசு எட்டும் என்று அவரே முடிவு செய்தார். "ஏட்டி, இனி நீ வீடு மாற வேண்டிய காரியமே இல்ல, கேட்டியா? காலம்பற ஜம்முன்னு போ, சாயங்காலம் ஜம்முன்னு வா. லீவுக்கு எல்லாருமா வேளாங்கண்ணிக்கும் போலாம்," என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த முகத்துக்கு நேரே என்ன சொல்வது? கொள்ளாம், நல்லதுதான் என்றேன். என் வாயில் கொள்ளியை வைக்க.

எனக்கு ஒரு குறை வேண்டும். இந்த வண்டியில் ஒரே ஒரு குறை இருந்தால் போதும். இன்னொரு வண்டி தேடுவதற்குள் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன்.

டிக்கியைத் திறந்ததும் எனக்கு உயிர் வந்தது. உள்ளே பாதி இடத்தைக் காணவில்லை. "அடியில பேட்டரி இருக்குல்லா, அதனால எடம் கொஞ்சம் கம்மியாக்கும்," என்றார் சிவபிரசாத்.

"மாமி, இங்க பாருங்க," என்றேன். "வேளாங்கண்ணிக்குப் போனா பாய், சட்டி, ஸ்டவ்வெல்லாம் எங்க வைக்கது?"

மாமி செசிலி குனிந்து பார்த்தார். முட்டுவலிக்காரி. குனிந்தால் நிமிர்வதற்கு ஒரு கை வேண்டும், கை கொடுத்தேன். "மடியில வச்சுக்கலாம் மக்கா. உனக்க கஷ்டம் தீந்தா போதும்," என்றார். போச்சு.

மாமி கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். நான் பஸ்ஸில் இடிபட்டு வீடு வந்து சேரும்போது சுடுகஞ்சி ஆற்றி வைத்திருப்பார். நல்ல மீன்துண்டு என் தட்டுக்குத்தான் வரும். ஆனால் நான் தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். கல்லூரியில் யார் என்ன சொன்னார்கள், ஏன் முகம் வாடியிருக்கிறது, யாருக்குப் போன் பண்ணினாய், எல்லாம் கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். எனக்கு மூச்சு முட்டும்.

பேட்டரி போனால் பெரிய செலவாமே என்று கிளறினேன். கம்பெனி வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறதாம். இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். அதில் ஏதாவது வில்லங்கம் இருக்காதா? சிவபிரசாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்ணுல கோளாறு, வண்டி ஓட்டக்கூடாதுன்னுட்டாரு டாக்டர். இல்லேன்னா இத நான் குடுப்பனா?" என்றார். அந்த மனிதருக்காக வருத்தப்பட்டேன். எனக்கும் சேர்த்து வருத்தப்பட்டேன்.

"ஸ்டார்ட் ஆக்கு மக்கா," என்றார் மாமா. நான் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். மாமா பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். காலமெல்லாம் வள்ளத்தில் மோட்டாரை உறுமவிட்டுக் கடலுக்குப் போனவர்.

"ஆகல்லியே. பொத்தான ஒண்ணூட அமத்து."

"ஓடிக்கிட்டுதான் இருக்கு அண்ணாச்சி," என்றார் சிவபிரசாத்.

"சத்தமே இல்லியே சாறே!"

"அதான் இந்த வண்டி."

மாமா கையை எடுத்துப் பார்த்தார், திரும்பவும் வைத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. நான் அந்தோணியாரை வேண்டிக்கொண்டேன். ஆனால் மாமா, "செரி, ஆளு ஏத்திப் பாப்போம். அஞ்சு பேரையும் வச்சு ஏத்தம் வலிச்சா வாங்கிரலாம்," என்றார். சிவபிரசாத் கேட்டைத் திறந்துவிட்டார்.

ஷிபு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் மாமா, நடுவில் அபினா, என் முதுகுக்குப் பின்னால் மாமி. நான் ஓட்டினேன். இருபுறமும் ரப்பர் மரங்கள், ஒவ்வொன்றிலும் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை. மழை பெய்து ஓய்ந்த ரோடு. ஏற்றத்தில் ஐந்து பேரையும் வைத்துக்கொண்டு வண்டி முக்கவில்லை, முனகவில்லை, அது பாட்டுக்கு ஏறியது. வளைவுகளில் நான் நினைத்த இடத்துக்குத் திரும்பியது. எனக்கு அந்த வண்டியைப் பிடித்துவிட்டது. அதுதான் ஆத்திரம். மேலே போய்த் திருப்பிக்கொண்டு இறங்கும்போது, அபினா முன்னால் எட்டித் திரையைப் பார்த்து, "அம்மா, எறங்கும்போ பேட்டரி ஏறுகு!" என்று கத்தினாள். மாமா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். இனி தினமும் இப்படித்தான், இருட்டோடு போய் இருட்டோடு வந்து, அந்தக் கஞ்சிக்கு முன்னால் உட்காரப்போகிறேன். கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லக்கூட இனி ஒரு காரணம் கிடையாது. பஸ் நெரிசல் ஒன்றுதான் எனக்கு இருந்த நியாயம், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

எதிரே எஸ்டேட் பஸ் ஏறி வந்தது. ஒதுங்கி நிறுத்தினேன். பஸ் போன பிறகு ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின் ஓடவில்லை.

"அப்ப அட்வான்ஸ் குடுத்திரலாமா?" என்றார் ஷிபு. "ஓட்டப்போறது நீயாக்கும். நீ சொன்னா செரி. அந்த வீட்டுக்காரருக்கும் இப்பமே போனப் போட்டு வேண்டாம்னு சொல்லிரு. பாவம், காத்துக் கெடக்காண்டாம்."

எங்கள் வீட்டில் இதைக் கேட்டிருந்தால் கடல் இரைச்சலிலும், டிவி சத்தத்திலும், ஜெபமாலை சொல்லும் சத்தத்திலும் என் பதில் எங்காவது போய் விழுந்திருக்கும். நானும் விட்டிருப்பேன். இங்கே அதற்கு வழியில்லை.

"எனக்கு வண்டி வேண்டாம்," என்றேன். "வீடு வேணும்."

ஷிபு என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமாதான் பேசினார். "வண்டிக்கு என்ன கொற மக்கா?"

"வண்டிக்கு ஒரு கொறயும் இல்ல மாமா."

"அப்ப எங்களுக்கா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், இதைச் சொல்ல நாக்கு வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அபினா என்னையும் தாத்தாவையும் மாறி மாறிப் பார்ப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"நீரு சும்மா கெடயும்," என்றார் மாமி, மாமாவிடம். பிறகு சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, என் காதுக்குப் பக்கத்தில், "மக்கா, அந்த வீட்டுல கடல் சத்தம் கேக்குமா?" என்று கேட்டார்.

"கேக்காது மாமி."

"ராத்திரியும்?"

"ராத்திரியும் கேக்காது."

மாமி மூச்சு விடுவது கேட்டது. "கெட்டிக் கொண்டுவந்த நாளு தொட்டு அந்தச் சத்தம். இவரு கடலுக்குப் போனா, வருவாரா வருவாரான்னு அதையே கேட்டுக்கிட்டுக் கெடப்பேன். இப்ப இவரு கடலுக்குப் போகல்ல, அந்தச் சத்தம் மட்டும் போகல்ல. எனக்கு வய்யா மக்கா, இனி தாங்காது. நானும் உனக்க கூட வாறேன்."

"ஏட்டி செசிலி," என்றார் மாமா.

அந்த வீட்டில் ஒரே ஒரு அறைதான். ஷிபு, அபினா, நான், மூன்று பேர் படுத்தால் நான்காவது ஆளுக்குப் பாய் விரிக்க இடம் கிடையாது. அது தெரிந்துதான் எனக்கு அந்த வீட்டை அவ்வளவு பிடித்தது.

"எனக்கு எடம் உண்டாட்டி அங்க?" என்று மாமி கேட்டார்.

ஷிபு கதவுப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் ஒரு பால் லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி தானாகவே இறக்கத்தில் நகர ஆரம்பித்தது. மாமியின் கை பின்னாலிருந்து வந்து என் தோளில் இருந்தது. ஆயுள் முழுக்க மீன் அரிந்து தழும்பேறிய விரல்கள், சேலைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்திருந்தன. வளைவு வந்தது, திரும்பினேன். இன்னொரு வளைவு வந்தது. மாமி கையை எடுக்கவில்லை.